டெல்லி கேட்டும் முந்நூறு சிப்பாய்களும்

வட ஆற்காடு பக்கம் சர்வேயராக வேலை பார்த்தவர்களுக்கு வேலூர்க் கோட்டை நிம்மதியான இடம். மதிலும் அகழியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆற்காடு அப்படியில்லை. கர்நாடக நவாபுகளின் தலைநகரமாக இருந்த ஊர் அது. ஆனால் பாலாற்றின் தென்கரையில் எழுந்த மதில்களில் இன்று சொல்லும்படி மிஞ்சியிருப்பது டெல்லி கேட் என்ற வாசல் ஒன்றுதான்.

அந்த வளைவுக்குக் கீழே நின்று, பூச்சு உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். இன்றைய செங்கல்லைவிட மெல்லிசான கற்கள், இடையில் கனமான சுண்ணாம்புச் சாந்து. நகத்தால் கீறினாலும் பொடியாது. மேலே இருக்கும் சின்ன அறையை, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத் தலைவர் ராபர்ட் கிளைவின் பெயரால், கிளைவ் அறை என்கிறார்கள்.

1751-ல் நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருந்தபோது, அவருடைய படையைப் பிரிக்க கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். அவரோடு வந்தவர்கள் 200 ஐரோப்பியர்கள், 300 சிப்பாய்கள். சந்தா சாகிப்பின் மகன் ரஸா சாகிப் வந்து கோட்டையை வளைத்தார். முற்றுகை 50 நாள் நீண்டது. கடைசித் தாக்குதலில் கதவை முட்டி உடைக்க, நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை ஓட்டி வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மிரண்ட யானைகள் திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன.

அளக்கிறவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. கோட்டையின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு மைல், அதாவது 5,280 அடி. கடைசியில் உள்ளே மிஞ்சியவர்கள் 120 ஐரோப்பியர்களும் 200 சிப்பாய்களும். ஆளுக்குப் பதினாறரை அடி மதில்! தூங்குகிறவர்களைக் கழித்தால் இன்னும் கூடும். டேப்பை நீட்டி அந்தத் தூரத்தை ஒருமுறை தரையில் பார்த்தேன். மனசு கனத்துவிட்டது.

அரிசி குறைந்தபோது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியே தங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. கூட வந்த செயின்மேனிடம், அதாவது அளவுச் சங்கிலி பிடிக்கும் உதவியாளரிடம், இதைச் சொன்னேன். "அம்மாம் பெரிய சண்டையில கஞ்சி குடிச்சிட்டு நின்னவங்க பேரு ஒண்ணுகூட இல்லையா சார்?" என்று கேட்டார். கிளைவுக்கு அறை இருக்கிறது. இவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான். என்னைக் கேட்டால், ஆற்காடு என்றதும் முதலில் சொல்ல வேண்டியது அந்த 300 பேரைத்தான்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் போடச் சொல்வேன். அப்புறம், "மதில் எல்லாம் எங்கே சார்?" என்று கேட்பார்கள். அது வயதாகி விழுந்த மதில் இல்லை. 1780-ல் மைசூர் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்தார். 1783-ல் ஊரைவிட்டு விலகும்போது அவருடைய மகன் திப்பு சுல்தான் அரண்களை இடித்துவிட்டார். இத்தனைக்கும் திப்பு என்ற பெயரே இந்த ஊரில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக வைத்ததுதான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தர்காவைப் பார்க்க வேண்டும் என்பார்கள். டெல்லி கேட்டை முடித்துக்கொண்டு அடுத்து அங்கேதான் கூட்டிப்போவேன்.