பழுதை அறியும் புரதம்

உவர்மலை வீட்டு விறாந்தையில் அப்பப்பா தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடிக்கத் தொடங்கிய நாள் முதல், நரம்புக் கலங்கள் சிதைந்து கைநடுக்கத்தை உண்டாக்கும் பார்க்கின்சன் நோய் குறித்த ஆய்வுகளைத் தேடி வாசித்து வருகிறேன்.

கலத்துக்குச் சக்தி வழங்கும் இழைமணி நலமாக இருக்கும்போது, பிங்க்1 என்னும் புரதம் அதனுள் இழுக்கப்பட்டு உடனுக்குடன் சிதைக்கப்படுகிறது. இழைமணி பழுதடைந்தாலோ, அதே புரதம் உள்ளே செல்ல இயலாமல் வெளிமென்சவ்வில் தேங்கி, யுபிகுயிட்டின் என்ற சிறு புரதத்தில் பொஸ்பேற்றைச் சேர்த்து, பார்க்கின் என்ற நொதியத்தை வரவழைத்து, அந்த இழைமணியை அகற்றுமாறு அடையாளமிடுகிறது. இத்தனை நுட்பமான துப்புரவு நம் நரம்புக் கலங்களுக்குள் ஓசையின்றி நடப்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பிங்க்1 புரதத்துக்குரிய பரம்பரையலகின் பிறழ்வு இளவயதிலேயே பார்க்கின்சன் நோயை உண்டாக்கக்கூடும் என்பது 2004இல் தெரியவந்தது. ஆயினும், மனித பிங்க்1 பழுதான இழைமணியின் மேற்பரப்பில் எவ்வாறு பற்றி நிற்கிறது என்பதை மெல்பேர்ண் வால்டர் அன்ட் எலைசா ஹோல் நிறுவன ஆய்வாளர்கள் 2025இல்தான் கட்டமைப்பாகக் காட்டினர். அது மருந்தாவதற்கு இன்னும் பல படிகள் உண்டு. என்றாலும், வடிவம் தெரிந்தால்தானே அதற்குப் பொருந்தும் மூலக்கூறைத் தேட முடியும்?

நேற்று மாலை இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்த அப்பப்பா, "பழுதான வள்ளத்தைக் கரையில இழுத்துப் போடுற மாதிரியோ, பிள்ளை?" என்று கேட்டார்.