கேம்பர் வேனில் வெந்நீர்: கேஸ் கீசரும் 12 வோல்ட் பம்பும்

வேனை கேம்பராக (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியாக) மாற்றுகிறவர்கள் தவறாமல் கேட்பது, "பேட்டரியிலேயே கீசர் ஓட்ட முடியாதா?" என்று. நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 7 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 580 ஆம்பியர். ஆகிற காரியமில்லை. கேஸில் அதே சூட்டுக்கு, 5 நிமிடக் குளியலுக்கு 60 கிராம் அளவுதான் செலவாகும்.

40 லிட்டர் கேன், வடிகட்டி, 35 பி.எஸ்.ஐ. (சுமார் 2.4 பார்) அழுத்தம் எட்டியதும் தானே நிற்கும் டயாஃப்ரம் (சவ்வு) பம்ப், நிமிடத்துக்கு 6 லிட்டர் கேஸ் கீசர், ஷவர் - இணைப்பு இந்த வரிசையில். வடிகட்டியை பம்புக்கு முன்னால்தான் போட வேண்டும். பம்பின் வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் பம்ப் ஓடும், தண்ணீர் ஏறாது. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். சூடான பக்கத்துக்கு சாதாரண பிளாஸ்டிக் டியூப் வேண்டாம். இளகி, கிளிப்பிலிருந்து நழுவிவிடும்.

கூரையில் டேங்க் வைத்து பம்பை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ஒரு மீட்டர் உயரம் தருவது 0.1 பார் அழுத்தம்தான். பல கீசர்களுக்குப் பற்றவே 0.2 பாருக்கு மேல் தேவை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: தண்ணீர் மாறி மாறிச் சூடாகவும் சில்லென்றும் வரும். கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷவரின் துளைகள் சின்னதாக இருந்தால் அழுத்தம் ஏறி பம்ப் நிற்கும், இறங்கியதும் ஓடும்; தண்ணீர் நிற்கும்போதெல்லாம் தீயும் அணையும். பெரிய துளையுள்ள ஷவர் போடுங்கள், இல்லையென்றால் பம்புக்கும் கீசருக்கும் நடுவே, அழுத்தம் ஏறி இறங்குவதைத் தணிக்கும் சின்ன அழுத்தத் தொட்டி ஒன்று. சோப்பு போட ஷவரை நிறுத்தித் திறந்தால் முதலில் வருவது கொதிநீர். தலையில் விடாமல் ஓரமாக ஊற்றிவிடுங்கள்.

கீசர் வேனுக்கு வெளியேதான், பின்கதவில் கொக்கி போட்டு மாட்டுங்கள். ஜன்னல் திறந்திருந்தாலும் உள்ளே வேண்டாம்: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. அதனால் சிலிண்டர் அறையின் காற்றுத் துளை அடித்தளத்தில், வண்டிக்கு வெளியே திறப்பதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கவும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும்.

லடாக் போன்ற உறைபனி ஊர்களில் இரவு தங்கினால், குளித்த கையோடு கீசரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, கேனிலிருந்து டியூபை எடுத்து, பம்பைச் சில விநாடி வெறுமனே ஓட விடுங்கள். செப்புக் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் காலையில் குழாய் வெடித்திருக்கும்.