சீழ் வடியும் காது, தறிச் சத்தம்: ஆபரேஷனுக்கு முன் நான் அலைந்த அலைச்சல்

இடது காதில் செவிப்பறையில் ஓட்டை. சின்ன வயதிலிருந்தே சளி பிடித்தால் சீழ் வடியும். வேலையோ சோமனூர் பக்கம் விசைத்தறி, பெரும்பாலும் நைட் ஷிப்ட். ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. என்னைப் போன்ற தறிக்காரர்கள் யாராவது படித்தால் அந்த அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

முதலில் போனது காது மெஷின் விற்கும் ஒரு கடைக்கு. இலவசப் பரிசோதனை என்று போர்டு. ரோட்டோர அறை, வெளியே பஸ் ஹாரன், தலைக்கு மேல் மின்விசிறி. ஹெட்போனை மாட்டி நாலு சத்தம் கொடுத்து, ஒரு கிராப் தாளை நீட்டி, "மெஷின் வெச்சா சரியாயிடும், இன்னிக்கே அட்வான்ஸ் கொடுத்துடுங்க" என்றார்கள். காதுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. சீழ் வடிகிற காதை மெஷின் போட்டு அடைத்தால் புண் ஆறாது. அட்வான்ஸ் கொடுக்காமல் தப்பித்தேன்.

அந்தத் தாளோடு அரசு மருத்துவமனைக்குப் போனால், டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். "எலும்பு வழியா எடுத்த டெஸ்ட் எங்கே?" காது எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் தாள்தான் ஆடியோகிராம். அதில் இரண்டு பகுதி உண்டு. ஹெட்போன் வழியாக எடுப்பது ஒன்று. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் சின்ன அதிர்வுக் கருவியை வைத்து எடுப்பது இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால்தான் கோளாறு செவிப்பறையிலா, உள்ளே நரம்புப் பக்கமா என்று தெரியும். எங்கே டெஸ்ட் எடுத்தாலும் இரண்டு கோடும் தாளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, அங்கேயே எடுத்துவிடலாம் என்று கவுன்டரில் கேட்டால், "காலையில வா" என்றதோடு முடித்துக்கொண்டார்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து, கோவைக்கு முதல் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, என் முறை வந்தபோது டெஸ்ட் எடுக்கும் பெண் கேட்டார்: "அண்ணா, தறியில இருந்து நேரா வந்தீங்களா?" சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். திருப்பி அனுப்பிவிட்டார். இரவு முழுக்கச் சத்தம் கேட்ட காது சில மணி நேரத்துக்கு மந்தமாகவே இருக்குமாம். அப்போது எடுத்தால் கணக்கு தப்பாக வரும். குறைந்தது 16 மணி நேரமாவது சத்தமில்லாமல் இருந்துவிட்டு வரச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். இதை முதல் நாளே கவுன்டரில் சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். லீவு நாளுக்கு மறுநாள் காலையில் டெஸ்டுக்குப் போங்கள், வேலைக்குப் போவதற்கு முன்னால்.

அடுத்த முறை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தார். இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது கீச்சென்ற சத்தங்கள் இருக்கும் இடத்தில், கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. டாக்டர் அதை விரலால் தொட்டுக் காட்டி, "ஓட்டையால குறைஞ்சது ஆபரேஷன்ல பெரும்பாலும் திரும்ப வரும். இது தறியால போனது, இது வராது" என்றார். ஓட்டை ஒரு காதில்தான். பள்ளம் இரண்டிலும். வெளியே வந்து வெகு நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷனுக்குக் காது உலர்ந்திருக்க வேண்டும். சீட்டில் "காதில் தண்ணீர் படக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தார்கள், எப்படி என்று சொல்லவில்லை. வெறும் பஞ்சை வைத்துக் குளித்தால் அதுவே தண்ணீரை உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடும். ஒரு நர்ஸ் அக்காதான் செய்து காட்டினார்: பஞ்சை உருட்டி, வெளிப்பக்கம் வாசலினை நன்றாகத் தடவி, காது வாயில் அடைக்க வேண்டும். குளித்ததும் எடுத்துவிட வேண்டும். கிணற்றுக் குளியல் கூடவே கூடாது. ஓட்டை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் நடுக்காதுக்குள் போனால் தலை சுற்றும். கிணற்றுக்குள் அப்படிச் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். இடையில் ஒரு மெடிக்கலில் சீழுக்கென்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். டாக்டரிடம் காட்டினால் அது ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக். ஓட்டை உள்ள காதில் அது உட்செவியைக் கெடுக்கக்கூடும் என்று வேறு மருந்து எழுதினார். காதுக்கு மருந்து கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

ஆபரேஷனில் காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையில் ஒட்டினார்கள். சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அவ்வளவுதான்.

பெரிய சண்டை வேலைக்குத் திரும்பும்போதுதான். எங்கள் தறிக் குடோனில் எல்லோரும் கழிவுப் பஞ்சைக் காதில் திணித்துக்கொள்வார்கள். சத்தத்துக்கு அது போதவே போதாது. தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல்தான் எல்லை. பக்கத்தில் நிற்பவர் காதோடு கத்தினால்தான் கேட்கும் இடத்தில் அந்த எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். காதுக்குள் வைக்கும், ஸ்பாஞ்ச் போன்ற நுரை அடைப்பான் மலிவு. அதை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் ஆபரேஷன் செய்த காதுக்குள் எதையும் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனவே காயம் ஆறிய பிறகு, காதை வெளியிலிருந்து மூடும் இயர் மஃப்.

முதலாளி முதலில் முகம் கொடுக்கவில்லை. "இத்தனை வருஷம் யாரும் கேக்கல" என்றார். ஆடியோகிராமை மேஜையில் வைத்து அந்தப் பள்ளத்தைக் காட்டினேன். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு சட்டப்படி தொழில்சார் நோய் என்பதையும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து நைட் ஷிப்டில் இருக்கும் எல்லோருக்கும் மஃப் வந்தது. வாங்குகிறவர்கள் காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஓரத்து மெத்தை கெட்டியாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். ஆடியோகிராமை மருத்துவமனைக் கோப்பிலேயே விட்டுவிட்டு வராமல் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது பள்ளம் ஆழமாகியிருக்கிறதா என்று ஒப்பிட அந்தத் தாள் வேண்டும்.