இரண்டாவது கையெழுத்து

கேசிஎல், அதாவது பொட்டாசியம் குளோரைடு மருந்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் (ஆம்பியூல்) வரும். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். 10 மில்லி. டிரிப்ஸில் கலந்து மெதுவாக ஏற்றாமல் நேராக ஊசியில் போட்டால் இதயம் நின்றுவிடும். அதனால் எங்கள் வார்டில் அதை உடைக்கும் முன் இரண்டு நர்ஸ் லேபிளைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த முதல் வருடம். யூரின் அளவு ஒன்றை எழுத விட்டுப்போனதற்கு, நோயாளியின் சொந்தக்காரர்கள் எதிரிலேயே சீனியர் சிஸ்டர் கேஸ் ஷீட்டை என் மேல் வீசினார். "கொத்தில்வா (தெரியாதா)? உனக்கு யாரு சர்டிபிகேட் கொடுத்தது?" கன்னடம் எனக்கு அப்போது பாதிதான் புரியும். அந்த முகம் முழுசாகப் புரிந்தது. அடுத்த ரோஸ்டரில் தொடர்ந்து ஏழு நைட்.

அதில் ஒரு நாள் ராத்திரி மூன்று மணிக்கு ஆம்பியூலும் கையுமாக நின்றேன். அந்த சீனியர் சிஸ்டர் நான்கு கட்டில் தள்ளித்தான் இருந்தார். கூப்பிட வாய் வரவில்லை. தனியாகவே கலந்தேன். காலையில் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிரிப்ஸ் முடியும்வரை அவர் கட்டிலை விட்டு நான் நகரவில்லை.

புகார் கொடுக்க வேண்டியதுதானே என்பார்கள். 2013-ல் வந்த சட்டம் பெண்களுக்கு வேலையிடத்தில் நேரும் பாலியல் தொல்லைக்கானது. 10 பேர் வேலை பார்த்தாலே அதற்குக் கமிட்டி வைக்க வேண்டும். எங்கள் நோட்டீஸ் போர்டிலும் பெயர்ப்பட்டியல் இருந்தது. கேஸ் ஷீட் வீசியதற்கு அங்கே போய் நிற்க முடியாது. நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரனிடம் சொன்னேன், சாயங்காலத்துக்குள் அது அதே சீனியர் காதுக்குப் போய்விட்டது.

திட்டினால்தான் வேலை வரும் என்று எங்கள் தொழிலில் நிறையப் பேர் நம்புகிறார்கள். எனக்கு வந்தது பயம் மட்டும்தான்.

இப்போது நான் வார்டு இன்சார்ஜ். போன வருடம் ரெஜிஸ்டரில் கேசிஎல் பக்கத்தில் இரண்டாவது கையெழுத்து இல்லை. தருமபுரிப் பெண், புதிதாகச் சேர்ந்தவள்.

"ஏம்மா, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"நீங்க பிஸியா இருந்தீங்கக்கா."

நான் பிஸியாக இல்லை. முந்தின வாரம், டிரிப்ஸ் ஏற்றும் கேனுலா குழாயைப் போட மூன்று தடவை குத்தினாள் என்று நோயாளியின் மகன் எதிரில் அவளிடம் கத்தியிருந்தேன். கையில் இருந்ததை வீசவில்லையே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

திட்டிய அதே வார்டில், எல்லோரும் இருக்கும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரிக்கா, பரவால்லக்கா என்றாள். இன்றைக்கும் ஆம்பியூலை எடுத்தால், என்னிடம் வருவதற்கு முன் வேறு யாராவது சும்மா இருக்கிறார்களா என்றுதான் பார்க்கிறாள்.