கருமணலில் சீசியம் தேடுவது

மணவாளக்குறிச்சிக் கருமணலில் காமா கதிர்களை எண்ணித் தோரியம் அளப்பது பெரிய வேலையே இல்லை. இந்தக் கரையின் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் ஆக்சைடு 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு கிலோ மண்ணில் 10 கிராம் மோனசைட் கலந்தாலே தோரியம்-232 சுமார் 3,200 பெக்கரல் (நொடிக்கு ஒரு அணுச் சிதைவு ஒரு பெக்கரல்) வந்துவிடும். உலக மண்ணின் இடைநிலை மதிப்போ 30தான். அணுகுண்டுச் சோதனைகள் வானிலிருந்து இறக்கிவிட்டுப் போன சில பெக்கரல் சீசியம்-137ஐ இதற்கு நடுவே பிரித்தெடுப்பதுதான் கடினம்.

சீசியத்துக்காக அலை புரளும் மணலை அள்ளாதீர்கள். சீசியம் களிமண்ணில்தான் ஒட்டும். கரைக்கு உள்ளே, உழாத, வெட்டாத சமதரை வேண்டும். பரப்பளவு தெரிந்த குழாயால் 5 செ.மீ. அடுக்குகளாக 30 செ.மீ. வரை எடுங்கள், சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிட அந்தப் பரப்பு தேவை.

105 டிகிரியில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, நைசாக அரைக்க வேண்டும். அரைக்காமல் டப்பாவைத் தட்டித் தட்டி நிரப்பினால் கெட்டது: மோனசைட்டின் அடர்த்தி 5, குவார்ட்ஸுக்கு 2.65. கனத்த துகள் அடியில் இறங்கி டிடெக்டருக்கு நெருங்கிவிடும், அளவு கூடிக் காட்டும். டப்பாவைக் கவிழ்த்து வைத்து மறுபடி எண்ணிப் பாருங்கள். இரண்டும் பிழை எல்லைக்குள் ஒத்துவராவிட்டால் திரும்பக் கலக்குங்கள். பிறகு காற்றுப் புகாமல் மூடி நான்கு வாரம். மண்ணிலுள்ள ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான்-222 வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள்; ரேடியத்தோடு அது சமநிலைக்கு வர இவ்வளவு காலம் பிடிக்கும்.

பொட்டாசியத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பொட்டாசியம்-40இன் 1460.8 கி.எ.வோ. (கிலோ எலெக்ட்ரான் வோல்ட்) காமா கோட்டின் மேலேயே தோரியம் தொடரைச் சேர்ந்த ஆக்டினியம்-228இன் 1459 கோடு உட்காருகிறது. திருத்தாமல் விட்டால் தோரியம் அளவில் ஏறக்குறைய 8 சதவீதம் பொய்ப் பொட்டாசியமாகச் சேரும்; 3,000 பெக்கரல் தோரியத்துக்கு 230க்கு மேல். ஆக்டினியத்தின் 911 உச்சியிலிருந்து கணக்கிட்டுக் கழித்தே ஆக வேண்டும்.

சீசியத்தின் 661.7க்கு இங்கே சோடியம் அயோடைடு டிடெக்டர் உதவாது. தோரியம், யுரேனியம் தொடர்களின் 583, 609, 727 கோடுகள் எல்லாம் அதோடு ஒரே மேடாகிவிடும். உயர்தூய்மை ஜெர்மானியம் டிடெக்டர்தான் பிஸ்மத்-214இன் 665.5ஐயும் பிரித்துக் காட்டும். எந்த ஆற்றலில் எத்தனை கதிரைப் பிடிக்கிறது என்று காட்டும் அதன் திறன் வளைவை, அளவு தெரிந்த யுரேனியம், தோரியம் தர மாதிரிகளைக் கொண்டே வரைந்தால் இன்னொரு பிழை: அருகில் வைத்து எண்ணும்போது 609, 583 உச்சிகள் ஒருங்குக் கூட்டலால் (ஒரே சிதைவின் இரு கதிர்கள் சேர்ந்து ஒன்றாகப் பதிவாவது) குறைந்து விழும், வளைவும் தாழும், சீசியம் கூடுதலாக வரும். சீசியத்துக்கு அதே டப்பாவில் தனி தர மாதிரி வையுங்கள்.

661.7இல் உச்சியே எழவில்லையா, பூச்சியம் என்று போடாதீர்கள். தோரியம் தொடரின் 2614 கோட்டின் காம்ப்டன் சிதறல் (கதிர் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் டிடெக்டரில் விட்டுப் போவது) அடித்தளத்தை உயர்த்திவிடுவதால், கருமணலில் கண்டறியும் எல்லை வயல் மண்ணைவிட மிக அதிகம். அந்தந்த மாதிரிக்கு வந்த எல்லையையே அட்டவணையில் எழுதுங்கள்.