ஆறாம் நம்பர் கட்டில்

ஏப்ரல் 21, 2025

அம்மாவுக்கு சுகர் 312. இன்றும் இடுப்பு ஆபரேஷன் இல்லை.

மதியம் தம்பி போன் செய்து, போப் பிரான்சிஸ் போய்விட்டார் என்றான். நேற்றுதான், ஈஸ்டருக்கு பால்கனியில் நின்று கை அசைத்ததைச் செல்போனில் காட்டினேன். "மொகம் ஊதிக் கெடக்குதே" என்றது அம்மா. சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 22

சொல்லிவிட்டேன். அழவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுத்து, ஐம்பத்துமூன்று மணியும் உருட்டி முடித்துவிட்டுக் கேட்டது: "அடுத்து யாரு? நம்ம ஜனத்துல யாருனா இருக்காங்களா?"

ஊசி போட நர்ஸ் வந்ததால் தப்பித்தேன்.

ஏப்ரல் 24

எங்கள் ஊர் சர்ச் திருவிழா வரி வசூல் ஆரம்பித்துவிட்டதாம். வழக்கம்போல எங்கள் தலித் தெரு முனையோடு திரும்பிவிட்டார்கள். வரி வாங்கினால் உபயம் கொடுக்க வேண்டும். உபயம் கொடுத்தால் தேர் தெருவுக்குள் வர வேண்டும். அதனால் வாங்குவதே இல்லை. காசைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிக்கோ என்று கெஞ்சுகிற ஜனம் நாங்கள்.

ஏப்ரல் 26

அடக்கத்தை முழுக்கப் பார்த்தோம். மரியா மேஜர் பேராலயத்தில் சாதாரணக் கல்லறை. கல்லில் லத்தீனில் பெயர் மட்டும். அம்மா கேட்டது: "நடுவுல செவுரு கிவுரு இல்லியே?"

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைப் பிரிக்கிற சுவரைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் ஊரில் அப்பா சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறார். அது போதும் அதற்கு.

ஏப்ரல் 28

அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவ் மே 7 என்று தேதி வைத்துவிட்டார்கள். எங்களுக்குத்தான் இன்னும் தேதி இல்லை. சுகர் 268.

மே 1

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

பத்திரிகையெல்லாம் ஆப்பிரிக்கரா, ஆசியரா என்றே பேசுகின்றன. கானாவின் டர்க்சன், பிலிப்பைன்ஸின் டாக்ளே. ஓட்டுப் போடுகிற 133 கர்தினால்களில் 108 பேர் பிரான்சிஸ் நியமித்தவர்கள். இந்தியாவிலிருந்து நான்கு பேர், தமிழ்நாட்டிலிருந்து யாரும் இல்லை. அந்த நான்கில் ஹைதராபாத் பேராயர் பூலா அந்தோணி, 2022இல் கர்தினால் ஆனவர். தலித் ஒருவர் கர்தினாலானது அதுதான் முதல்முறை.

அம்மாவிடம் சொன்னேன். "தெலுங்குக்காரரா இருந்தா என்னா. உள்ள போனா பேச உடுவாங்களா?"

ஓட்டே உண்டு என்றேன். சீட்டில் பெயரை எழுதி மடித்துப் போட வேண்டும், யார் எழுதியது என்று தெரியாதபடி கையெழுத்தை மாற்றி எழுத வேண்டும். அது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பொம்பளைங்க?" இல்லைம்மா. "கோயிலு கூட்டறது மட்டும் நாம" என்று சிரித்தது. சிரித்ததில் இடுப்பு வலித்துவிட்டது.

இங்கே ஆயரை, அதாவது பிஷப்பை, தேர்ந்தெடுக்க அந்த மடித்த சீட்டுகூடக் கிடையாது. டெல்லியில் இருக்கும் போப்பின் தூதர் ரகசியமாக விசாரிப்பார், மூன்று பெயர் ரோமுக்குப் போகும், ஒருநாள் ரோம் நேரம் நண்பகலில் அறிவிப்பு வரும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பாதிக்கு மேல் நாங்கள். ஆயர்களில் எங்களவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாது என்று 2003இல் ரோமுக்குப் போன தமிழ்நாட்டு ஆயர்களிடமே அப்போதைய போப் இரண்டாம் ஜான்பால் சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித்துகளுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. தம்பி அதை பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து வைத்திருக்கிறான். பைத்தியம்.

ஆனால் ஒன்று. எங்கள் பங்குச்சாமியார் எங்களவர்தான். அவராலும் தேரைத் திருப்ப முடியவில்லை. அப்புறம் எதற்கு ஆயரும் கர்தினாலும் என்று சில நாள் தோன்றுகிறது. இன்று தோன்றவில்லை.

மே 5

சுகர் 174. ஆபரேஷன் நாளை மறுநாள் காலை!

மே 7

முடிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள்.

வார்டு டிவியில் விடிந்ததிலிருந்து ஆபரேஷன் சிந்தூர். நாலாம் கட்டில் அக்காவின் மகன் ராணுவத்தில் இருக்கிறான், அவர் சாப்பிடவே இல்லை. நடுராத்திரி தாண்டி வராண்டாவில் உட்கார்ந்து செல்போனில் கான்கிளேவ் புகை பார்த்தேன். கறுப்பு, இன்னும் யாரும் தேர்வாகவில்லை. சார்ஜ் 11.

மே 8

இரவு ஒன்பதரை தாண்டி வெள்ளைப் புகை, புது போப் தேர்வாகிவிட்டார். அதற்குச் சற்று முன்னால் கடல்காகம் ஒன்று குஞ்சோடு புகைபோக்கிப் பக்கத்தில் உலாத்திக்கொண்டிருந்தது. வார்டு டிவியில் ஜம்மு வானத்தில் டிரோன்கள்.

அம்மா முழித்து "யாரு?" என்றது.

அமெரிக்கர். பெரு நாட்டில் ரொம்ப வருஷம் இருந்தவர். பதினான்காம் லியோ.

"ம்." திரும்பிப் படுக்க முடியாது, கண்ணை மட்டும் மூடிக்கொண்டது.

மே 10

லியோவின் தாய்வழித் தாத்தா பாட்டி நியூ ஆர்லியன்ஸ்காரர்களாம். 1900 மக்கள்தொகைக் கணக்கில் கறுப்பர் என்று இருக்கிறது. சிகாகோ போனபின் 1920 கணக்கில் வெள்ளையர்.

நான்கு தடவை படித்தேன். என் ஆபீசில் ஊர்ப் பெயர் கேட்டால் சொல்வேன். தெரு கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்பேன். பதினோரு வருஷமாக அந்த பஸ் ஸ்டாண்டுதான்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பாவம்" என்றது. யாரை என்று கேட்கவில்லை.

மே 11

நாளை டிஸ்சார்ஜ். தம்பி திருவிழா வரி இருநூறு ரூபாயைக் கவரில் போட்டு, மேலே அம்மா பெயரை எழுதி, உபதேசியார் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறான். சாயங்காலம் ஆறுக்குப் போனவன். இப்போது ஒன்பதரை. போன் எடுக்கவில்லை.