ஆயாவுக்கு ஒரு மெழுகுவத்தி

ராயபுரத்தில் எங்கள் சபையில் இன்று போர் நினைவு ஆராதனை. இந்த முறை பெண்களின் துணிச்சலுக்காக. நேச நாட்டு வீரர்கள் சுமார் 200 பேரைத் தப்பவைத்ததற்காக 1915 அக்டோபர் 12 அன்று பிரஸ்ஸல்ஸில் ஜெர்மானியர் சுட்டுக்கொன்ற நர்ஸ் எடித் கேவலைப் பற்றி ஆயர் பேசினார். முந்தின இரவு, யார் மேலும் வெறுப்போ கசப்போ கூடாது என்றாராம் அந்த அம்மா.

எனக்கென்னவோ எங்கள் ஆயாதான் கண்ணில் நின்றது. 1942-இல் ஜப்பான் குண்டுக்குத் தப்பி, ரங்கூனிலிருந்து காடும் மலையுமாக நடந்தே வந்தது. இடுப்பில் ஒன்றரை வயது அப்பா. கணுக்காலில் அட்டை கடித்த வடுக்களைச் சாகும்வரை எங்களுக்குக் காட்டும்.

வாசித்த பட்டியலில் ஆயா பெயர் இல்லை. பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தானாம், சரி. நானே ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஃபேன் காற்றில் இரண்டு தடவை அணைந்தது. அப்புறம் பக்கத்திலிருந்த அக்கா முந்தானையால் மறைத்துப் பிடித்தார்.